இறந்தவர் தேநீர் குடித்த வாரம்

பின்நவீன இலக்கியம் என்றால் என்னவென்று தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள். வகுப்பில் கேட்டால் சொல்வேன். அதற்குச் சம்பளம் வாங்குகிறேன். முடிவெட்டும் கடையிலும் பஸ் நிறுத்தத்திலும் கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிடும். கேட்கிறவர்கள் பதிலுக்குக் காத்திருப்பதும் இல்லை. "அதாவது புரியாம எழுதறது, அதானே சார்?" என்று அவர்களே சொல்லி அவர்களே சிரித்துக்கொள்வார்கள். இத்தனை வருஷம் இந்தச் சிரிப்பைக் கேட்டதில் எனக்கு இரத்த அழுத்தம் வந்ததுதான் மிச்சம்.

போன வருஷம் எங்கள் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்களுக்குப் புதிதாக ஒரு தாள் வைத்தார்கள். தாளின் பெயரே 'பின்நவீன இலக்கியம்'. எட்டுப் புத்தகங்கள் பாடமாக வேண்டும். எது பின்நவீனம், எது இல்லை என்று முடிவு செய்ய மூன்று பேர் குழு. ஒருவன் நான். இன்னொருவர் எங்கள் துறைத்தலைவர் அம்மாள். முதுகுக்குப் பின்னால் அவரைத் 'தலைவி' என்போம். அகப்பாட்டில் வருகிற தலைவி ஏங்கி ஏங்கி மெலிந்து போவாள். எங்கள் தலைவி மற்றவர்களை மெலிய வைப்பார். மூன்றாமவர் என் நண்பர். அவரை முகத்துக்கு நேராகவே எல்லாரும் 'அடிக்குறிப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். பசிக்கிறது, சாப்பிடப் போகலாமா என்றால்கூட, "போகலாம். ஆனா ஒரு சின்னக் குறிப்பு" என்று ஆரம்பிக்கிற மனிதர்.

துறை அறையில் ஒரு கால் குட்டையான மேசை. பழைய வினாத்தாள்களை மடித்து அந்தக் காலுக்கு அண்டை கொடுத்திருந்தோம். அதன் மேல் மூன்று அடுக்காகப் புத்தகங்கள்: இடது பக்கம் உள்ளே, வலது பக்கம் வெளியே, நடுவில் பார்க்கலாம். தலைவி ஒரு சட்டம் போட்டார். ஒரு புத்தகத்தை உள்ளே கொண்டுவர விரும்புகிறவர் அதற்கான காரணத்தை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். மூச்சு வாங்கினால் புத்தகம் வெளியே. "ஒரு மூச்சுல சொல்ல முடியாததைப் பசங்க பரீட்சைல எப்படி எழுதுவாங்க?" என்றார். கேட்கக் கேலியாக இருக்கும். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். அடிக்குறிப்பாருக்கு மூச்சு நீளம்தான், ஆனால் வாக்கியம் அதைவிட நீளம். மூன்று அருமையான நாவல்களை மூச்சிரைத்தே தோற்றார். நான் முந்தின நாளே வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டு போனேன்.

இப்படிச் சண்டை போட்டு ஏழு புத்தகங்கள் உள்ளே வந்தன. எட்டாவது இடம் மட்டும் காலியாகக் கிடந்தது.

இந்தச் சங்கதியை நான் வீட்டில் வாய் தவறிச் சொன்னதுதான் வினை.

என் மாமியார் எங்களோடு இருக்கிறார். எனக்கு அவர் அத்தை. ஊருக்கு அவர் எழுத்தாளர். வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதி எழுதியே மகளைப் பல் டாக்டருக்குப் படிக்க வைத்தவர். அவருடைய புனைபெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் வயதானவர்கள் "அட, அவங்களா!" என்பார்கள், இளையவர்கள் "யாரு?" என்பார்கள். இரண்டாவது கேள்வி எங்கள் வீட்டில் காதில் விழக் கூடாது. அத்தையின் புத்தகம் ஒன்றுகூட இப்போது கடையில் இல்லை. பதிப்பாளர் கைவிரித்துவிட்டார். "எந்தக் கல்லூரியிலயாவது பாடமா வெச்சா அச்சடிச்சுடலாம்மா. சும்மா போட்டா யாரு வாங்குவா?" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து அத்தை கடைத்தெருவுக்குப் போனால் புத்தகக்கடை இருக்கிற பக்கமாக நடப்பதில்லை, எதிர்ப்பக்கமாகவே போய்விட்டு வருவார்.

"மாப்பிள்ளை, அந்த எட்டாவது இடத்துல நம்ம கதை ஒண்ணைப் போட்டுடுங்களேன்" என்றார் அத்தை, பட்டாணி உரித்துக்கொண்டே. கடையில் கொசுறு கேட்கிற குரல்.

"அத்தை, அது வேற, இது வேற" என்றேன்.

"வேறன்னா எப்படி வேற? சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன்."

எனக்கு எரிச்சல். இருந்தாலும் மாமியார். சொன்னேன். கதையில் நடந்தது நடக்காததாகிவிடும், செத்தவர் திரும்பி வருவார், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். எழுதுகிறவரே திடுதிப்பென்று கதைக்குள் நுழைந்து வாசகரோடு பேசுவார். இது வெறும் கதைதான் என்று கதையே ஒத்துக்கொள்ளும். இப்படி விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே போனேன்.

அத்தை பட்டாணியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இதையெல்லாம் எழுதினா உங்க கல்லூரியில பாடமா வெப்பாங்களா? எங்க பத்திரிகை ஆசிரியர் என்னை உண்டு இல்லைன்னு பண்ணிட்டாரே..." என்றவர், அடுப்பில் ஏதோ பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டார். இது அவர் பழக்கம். பேச்சு சூடு பிடிக்கிற இடம் பார்த்து நிறுத்திவிட்டுக் கிளம்பிவிடுவார். முப்பது வருஷம் 'தொடரும்' போட்ட கை. நானும் துரத்திப் போய்க் கேட்கவில்லை.

மறுநாள் குழுவில் அடிக்குறிப்பு ஒரு தடிமனான பைண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்து, ஊசி நூல் போட்டுத் தைத்து, பழுப்பு அட்டை ஒட்டிய பைண்டு. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு செய்தார்கள். புரட்டினால் கதையின் முதுகில் கூந்தல் எண்ணெய் விளம்பரம் பாதி, முடிவில்லாத நகைச்சுவைத் துணுக்கு பாதி.

"எங்க அம்மா தெச்சு வெச்சது. நேத்துப் பரண்ல வேற எதையோ தேடப்போய் இது கெடச்சுது" என்றார். பிறகு நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார். "ஒரு தையல்காரம்மா, அவங்க புருஷன் பஸ் டிரைவர் செத்துப் பல வாரம் கழிச்சு வீட்டுக்கு வந்து சாதாரணமா டீ குடிச்சுட்டுப் போறாரு, எந்த விளக்கமும் கெடையாது, அடுத்த வாரம் எழுதறவங்களே கதைக்குள்ள வந்து, செத்தவரு டீ குடிச்சதுக்கு வாசகர்கிட்ட மன்னிப்புக் கேக்கறாங்க."

மூச்சு மிச்சம் இருந்தது. அவர் வாழ்க்கையில் அது முதல் தடவை.

தலைவி பைண்டை இழுத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். தலைப்புக்குக் கீழே இருந்த புனைபெயரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் கதை புத்தகமாக எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. புத்தகத்தில் டிரைவர் ஒரே தடவை சாகிறார், செத்தது செத்ததுதான். டீயும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

"மேடம், இது எழுதினது என் மாமியார்" என்றேன்.

"சொந்த மாமியாரா?"

"மாமியார்ல சொந்தம், வாடகைன்னு உண்டா மேடம்?"

"அப்ப நீங்க இதுல வாயைத் திறக்கக் கூடாது" என்று தலைவி என்னை ஓரம் கட்டினார். அது நியாயம்தான். அடிக்குறிப்பு என்னை ஏதோ ராஜகுடும்பத்து மருமகனைப் பார்ப்பது போலப் பார்த்தார். இத்தனை நாள் இவ்வளவு பெரிய பின்நவீனவாதியை வீட்டில் வைத்துக்கொண்டு சொல்லாமல் இருந்துவிட்டீர்களே என்று அவருக்கு மனத்தாங்கல்.

தலைவிக்கு ஒரே சந்தேகம். "இது வேணும்னே எழுதினதா, கை தவறி எழுதினதா? தொடர்கதை எழுதறவங்க அவசரத்துல யாரு செத்தா, யாரு இருக்கான்னு மறந்து போறது உண்டு. கை தவறினதெல்லாம் பின்நவீனம்னா, எங்க வீட்டுக்காரர் எழுதித் தர்ற மளிகைச் சீட்டைக்கூட இங்க வெக்கலாம்" என்றார். "அவங்களைக் கூட்டிட்டு வாங்க. தெரிஞ்சே எழுதினேன்னு அவங்க வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். எனக்கு ஆட்சேபணை இல்ல."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். அத்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கையைத் துடைத்தார், மறுபடி துடைத்தார், ஈரமே இல்லாத கையை. "நெசமாத்தான் சொல்றீங்களா மாப்பிள்ளை? அச்சுல வருமா?" என்றார். பதிப்பாளருக்குப் போன் போட்டேன். பாடம் என்றால் அடுத்த மாதமே அச்சு என்றார். அத்தை பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி, நிஜமா என்ன நடந்துச்சு அத்தை? ஏன் அவரைத் திரும்பக் கொண்டு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு? வேணும்னே எழுதினேன், அவ்வளவுதானே சொல்லணும்? சொல்லிட்டாப் போச்சு" என்று அடுப்பைப் பார்க்கக் கிளம்பினார்.

என் மனைவி கிளினிக்கிலிருந்து வந்தாள். அவள் அம்மாவின் கதை ஒன்றைக்கூட முழுதாகப் படித்தவள் இல்லை. வீட்டிலேயே நாளெல்லாம் கேட்கிறேனே, போதாதா என்பாள். ஆனால் அம்மாவின் புத்தகம் திரும்ப வரும் என்றதும் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, அங்க போய்ப் பெருசா கதை அளக்காதே. ஆமா, தெரிஞ்சேதான் எழுதினேன்னு சொல்லு. முடிஞ்சுது."

நேர்மைக்கு நான் துறையில் பேர் போனவன். சொந்தக்காரப் பையனுக்கு அரை மதிப்பெண் கூடப் போட்டது கிடையாது. அப்படிப்பட்ட நான் அன்று மாமியாருக்கு உட்கார்ந்து பாடம் எடுத்தேன். 'கதைசொல்லியின் அதிகாரத்தைக் கவிழ்க்கும் நோக்கத்தோடு' என்று ஒரு வாக்கியம் தயார் பண்ணிக் கொடுத்தேன். அத்தை அதைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையை ஆட்டி ஆட்டி மனப்பாடம் செய்தார். "கவிழ்க்கறதுன்னா கொட்டிடுமே மாப்பிள்ளை" என்று நடுவில் ஒரு சந்தேகம் வேறு. ஆசைப்பட்டதைக் கேட்கவே கூச்சப்படுகிற மனுஷி ஒரு தடவை கேட்டுவிட்டார். அதை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் அப்போது என் தலையில் இல்லை.

குறித்த நாளில் அத்தை புதுச் செருப்பு போட்டுக்கொண்டு என்னோடு பஸ்ஸில் வந்தார். வழியெல்லாம் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

துறை அறையில் தலைவி எழுந்து நின்று அத்தையை உட்கார வைத்தார். அடிக்குறிப்பு தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு நின்றார். நான் வாயைத் திறக்கக் கூடாதவன் என்பதால் அலமாரிப் பக்கமாக ஒதுங்கிக்கொண்டேன்.

"கதைசொல்லியின் அதிகாரத்தைக் கவிழ்க்கும் நோக்கத்தோடு" என்று அத்தை யாரும் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். தலைவி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"அதை அப்புறம் சொல்லலாம்மா" என்றார் தலைவி, குரலைத் தணித்து. "முதல்ல அந்த இடத்தை ஒரு தடவை படிச்சுடுவோம். நீங்களும் எழுதி ரொம்ப நாளாச்சு, ஞாபகம் வரும்."

அடிக்குறிப்பு பைண்டை விரித்துப் படித்தார். நல்ல குரல் அவருக்கு.

"அவள் இரண்டு கோப்பைகளில் தேநீர் ஊற்றினாள். ஒன்றை அவர் எப்போதும் உட்காரும் நாற்காலிக்கு முன்னால் வைத்தாள். வாசலில் யாரோ சட்டை தைக்கத் துணி கொண்டுவந்து கூப்பிட்டார்கள். அளவு எடுத்து அனுப்பிவிட்டு அவள் திரும்பி வந்தபோது கோப்பை காலியாக இருந்தது. 'சூடு கம்மி' என்றார் அவர். 'என் கண்ணாடியை எங்கே வைத்தாய்?' அவள் தேடப் போனாள்."

அத்தை கைப்பையை மடியில் வைத்து அதன் வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டி முடித்துப் பிரித்து மறுபடி சுருட்டினார்.

"இந்த வாரம் அவரை ஏன் வரவழைச்சீங்க?" என்று தலைவி கேட்டார்.

"வேணும்னே..." என்று ஆரம்பித்த அத்தை அந்த இடத்தில் நின்றார். ஒரு வார்த்தைதான். ஒரே ஒரு வார்த்தை.

"வேணும்னே எழுதலம்மா" என்றார் அத்தை. "மாப்பிள்ளை சொல்லிக் குடுத்தாரு. நல்லதுக்குத்தான் சொல்லிக் குடுத்தாரு, அவரைக் கோவிச்சுக்காதீங்க. ஆனா அது வேணும்னே எழுதினது இல்ல."

அத்தையே தொடர்ந்தார்.

"அந்த வாரம்தான் எங்க வீட்டுக்காரர் போனாரு. திடீர்னு. வந்தவங்க எல்லாம் கிளம்பிப் போன மூணாம் நாள் கதை எழுத உக்காந்தேன். வாரக் கதை நிக்கக் கூடாது பாருங்க. காலைல டீ போட்டா கை தன்னால ரெண்டு கோப்பையை எடுக்குது. எடுத்து ஊத்தி மேசையில வெச்சுட்டு, அப்புறம்தான் ஞாபகம் வரும். திரும்ப எடுத்துக் கொட்ட மனசு வராது. அப்படியே விட்டுட்டு அந்தப் பக்கம் போய்டுவேன். வந்து பாத்தா காலியா இருக்கும்."

அடிக்குறிப்பு விரித்த பைண்டை மெல்ல மேசையில் வைத்தார்.

"அவரு வந்து குடிச்சாருன்னு நெனைக்கற அளவுக்கு எனக்குப் புத்தி பேதலிக்கல. எம் பொண்ணு அப்ப சின்னப் பிள்ளை. கதவுக்குப் பின்னாடி வாயைத் தொடைச்சுக்கிட்டு நிப்பா. நான் திரும்பி வர்றப்ப அந்தக் கோப்பை அப்படியே ஆறிக் கெடக்கக் கூடாதுன்னு அவளுக்கு யாரு சொன்னாங்களோ. அவளும் சொல்லல, நானும் கேக்கல. எழுத உக்காந்தா கண்ணுக்கு முன்னாடி காலிக் கோப்பைதான் நின்னுச்சு. அதை எழுதினேன். காலியாச்சுன்னா யாராவது குடிச்சிருக்கணுமே. அந்த டிரைவர் எப்பவோ செத்துட்டாருங்கறது எனக்குச் சுத்தமா மறந்து போச்சு. தப்புதான்மா. கை தவறினதுதான்."

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதிராளியை மடக்குவதற்கு முன்னால் அவர் செய்கிற காரியம் அது. ஆனால் அன்று வெகுநேரம் துடைத்தார். பிறகு பைண்டைத் தன் பக்கம் இழுத்து அடுத்த வாரப் பக்கத்தைப் புரட்டினார்.

"சரி, அது கை தவறினதாவே இருக்கட்டும். அடுத்த வாரம்? 'அன்பு வாசகர்களே, சென்ற வாரம் என் கவனக்குறைவால் இறந்தவர் தேநீர் குடித்துவிட்டார். பொறுத்தருள்க. கதையைத் தொடர்வோம்.' இது நீங்க தெரிஞ்சு எழுதினதுதானே?"

"அது தெரிஞ்சு எழுதினதுதான்."

"எழுதறவங்க கதைக்குள்ள வந்து நின்னு, இது நான் எழுதற கதைதான்னு சொல்றீங்க. எனக்கு அது போதும். நான் ஒத்துக்கறேன்" என்றார் தலைவி, மூச்சே வாங்காமல். பைண்டை இடது பக்கத்து அடுக்கின் மேல் தூக்கி வைத்தார். எட்டுப் புத்தகம் ஆகிவிட்டது. எனக்கு விசிலடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்குறிப்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முதுகில் தட்டினார்.

அத்தை மட்டும் அந்த அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மன்னிப்பும் புஸ்தகத்துல வருமா?"

"வராம? அதுதானே காரணமே."

"டீ குடிக்கறது இருக்கட்டும்மா. மன்னிப்பை மட்டும் எடுத்துட்டுப் போடுங்களேன்."

தலைவி புரியாமல் என்னைப் பார்த்தார். எனக்கும் புரியவில்லை. "அதை எடுத்துட்டா மிச்சம் இருக்கறது ஒரு பொம்பளை, செத்துப்போன புருஷன், ஒரு கோப்பை டீ. கதை நல்ல கதைதான். ஆனா இந்தத் தாளுக்கு ஆகாதும்மா. இதைப் பின்நவீனம்னு நான் கையெழுத்துப் போட முடியாது" என்றார் தலைவி.

"எங்க ஆசிரியரும் நல்ல மனுஷன்தான்" என்றார் அத்தை. "துக்கம் கேக்க வீட்டுக்கே வந்தாரு. கெளம்பி செருப்பை மாட்டும்போது, 'வாசகர் கடுதாசி மூட்டை மூட்டையா வருதும்மா, ஒரு வரி மன்னிப்புப் போட்டுடுங்க'ன்னாரு. எழுதிக் குடுத்தேன். எம் பிள்ளை குடிச்ச டீக்கு நான் ஊரைக் கூட்டி மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் புஸ்தகமா போட்டப்ப ரெண்டு வாரத்தையும் வெட்டிட்டாங்க. அப்பவும் சரின்னேன். இன்னொரு தடவை அதை அச்சுல கேக்க மாட்டேன்."

"புஸ்தகம் திரும்ப வர்றதுக்கு இதை விட்டா வேற வழி இல்லைன்னு உங்க மாப்பிள்ளை சொன்னாரே" என்றார் தலைவி.

"ஆமாம்மா. ரொம்ப ஆசையாத்தான் இருக்கு" என்றார் அத்தை. எழுந்து பைண்டை இடது அடுக்கிலிருந்து எடுத்தார். எங்கள் அடுக்கு முறையெல்லாம் அவருக்குத் தெரியாது. அடிக்குறிப்பாரிடம் நீட்டினார்.

அவர் வாங்கவில்லை. ஒரு பேனா இரவல் கொடுத்தாலும் சீட்டு எழுதி வாங்குகிறவர். "நீங்களே வெச்சுக்கங்கம்மா. எங்க அம்மா இருந்தா அவங்களும் அதைத்தான் சொல்வாங்க" என்றார். தலைவி கல்லூரி வாசல் வரைக்கும் எங்களோடு நடந்து வந்தார். அதிகாரிகள் வந்தபோதுகூட அவர் துறை அறையைத் தாண்டி வந்ததை நான் பார்த்ததில்லை. பஸ் வரும் வரை நின்று, அத்தை ஏறும்போது முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

பஸ்ஸில் எனக்கு எல்லார் மேலும் கோபமாக வந்தது. தலைவி மேல், அந்தப் பழைய ஆசிரியர் மேல், பின்நவீனத்தின் மேல், கவிழ்க்கும் நோக்கத்தோடு என்று எழுதிக் கொடுத்த என் மேல். கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அத்தை கண்டும் காணாதது போல முன் சீட்டுக் குழந்தைக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டு வந்தார். இறங்குகிற சமயத்தில், "கோவமா மாப்பிள்ளை?" என்று கேட்டார். "உங்க மேல இல்ல அத்தை" என்றேன். அது உண்மை.

சாயங்காலம் என் மனைவி வந்ததும் "என்ன ஆச்சு?" என்றாள். அத்தை சமையலறையில் இருந்தார். பைண்டை அவள் முன்னால் விரித்து வைத்து, இந்தப் பக்கத்தைப் படி என்றேன். பல்லைப் பார்க்கிற மாதிரி குனிந்து படிக்க ஆரம்பித்தாள். முதலில் சலிப்பாகத்தான் படித்தாள். பிறகு விரலை வரியின் கீழ் வைத்துக்கொண்டாள். படித்து முடித்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

அத்தை கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"உனக்குத் தெரியுமா அம்மா?" என்றாள் என் மனைவி. குரல் அவள் குரலாகவே இல்லை. "நான்தான் குடிச்சேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன."

"திருடிக் குடிக்கற மாதிரி குடிப்பேன் நான். நீ வர்றதுக்குள்ள முடிச்சுடணும்னு நாக்கெல்லாம் சுட்டுக்குவேன். சொன்னா நீ அழுதுடுவேன்னு இன்னைக்கு வரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல, இவர்கிட்டகூட." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள். "எவ்ளோ இனிப்பு தெரியுமா அந்த டீ? அப்பாவோட முகம்கூட எனக்கு ஃபோட்டோவுல பாத்த முகம்தான். ஆனா அவரு டீல நெறைய சர்க்கரை போட்டுக்குவாருன்னு தெரியும். அப்பாவைப் பத்தி எனக்கு நானே தெரிஞ்சு வெச்சிருக்கறது அது ஒண்ணுதான்."

அத்தை கரண்டியை மேசை மேல் வைத்துவிட்டு வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"உங்கப்பா டீக்குச் சர்க்கரையே போட்டுக்க மாட்டாரும்மா" என்றார். "மொத ரெண்டு நாள் கை தவறி வெச்ச கோப்பைதான் அவருக்கு. நீ குடிக்கறது தெரிஞ்சதுலேருந்து நான் உனக்குத்தான் போட்டேன்."